மவுண்டன் பைக் பின் ஹப்: எது உழைக்கும், எது ஏன் கெடும்

முன்னால் 30 பல், பின்னால் கேசட்டின் (பின் பல்சக்கர அடுக்கின்) 50 பல். செங்குத்தான ஏற்றத்தில் 80 கிலோ எடையுள்ள ஒருவர் 170 மிமீ கிராங்கின் (பெடலைத் தாங்கும் கையின்) மேல் முழு எடையையும் போட்டு எழுந்து நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கிராங்கில் விழும் முறுக்குவிசை சுமார் 133 நியூட்டன் மீட்டர். அது பின் ஹப்புக்கு, அதாவது பின் சக்கரத்தின் நடுக்குடத்துக்கு, வந்து சேரும்போது 50/30 மடங்காகி 222 ஆகிவிடும். செயினின் இழுவை 2,200 நியூட்டன். 220 கிலோ மூட்டையைச் செயினில் கட்டித் தொங்கவிட்ட மாதிரி.

இவ்வளவையும் வாங்கிக்கொள்வது ஹப்புக்குள் இருக்கும், மிதிக்கும்போது பிடித்து மிதிக்காதபோது விட்டுக்கொடுக்கும் பாவ்ல் எனப்படும் சின்னச் சின்ன நாக்குகள். விரல் நகத்தை விடச் சிறியவை. அவை போய்ப் பிடிக்கும் பல் வளையத்தின் ஆரம் 17 மிமீ என்று கொண்டால், பல்லின் மேல் விழும் விசை 13,000 நியூட்டன். மூன்று நாக்குகள் சமமாகப் பங்கிட்டால்கூட ஒன்றின் தலையில் 440 கிலோ. மூன்றில் ஒன்று கிரீஸில் ஒட்டிக்கொண்டு எழாமல் போனால் மற்ற இரண்டும் 660 கிலோ வீதம் தாங்க வேண்டும்.

முன் ஹப்பில் இந்தக் கதையே இல்லை. ஆக்சில், இரண்டு பேரிங், அவ்வளவுதான். பின் ஹப் மட்டும் ஏன் அடிக்கடி கெடுகிறது, ஏன் விலை கூடுதல், ஏன் அதன் பராமரிப்பு வேறு என்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் மேலே உள்ள கணக்கில் இருக்கிறது.

எத்தனை புள்ளி வேண்டும்?

ஹப் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது எங்கேஜ்மென்ட் புள்ளிகளின், அதாவது ஒரு சுற்றில் ஹப் பிடிக்கக்கூடிய இடங்களின், எண்ணிக்கையைத்தான். 360ஐ அந்த எண்ணால் வகுத்தால், மிதிக்கத் தொடங்கியதிலிருந்து ஹப் பிடிப்பதற்குள் வீணாகும் அதிகபட்சக் கோணம் கிடைக்கும். நாக்குகளுக்குப் பதில் பல் வட்டுகள் கடிக்கும் டிடி ஸ்விஸ் ராட்செட்டில் 18 பல் என்றால் 20 டிகிரி, 24 என்றால் 15, 36 என்றால் 10, 54 என்றால் 6.7. ஹோப் ப்ரோ 4இல் 44 புள்ளிகள், 8.2 டிகிரி, அடுத்து வந்த ப்ரோ 5இல் 108 புள்ளிகள், 3.3 டிகிரி. கிறிஸ் கிங் 72 புள்ளிகள், 5 டிகிரி. இண்டஸ்ட்ரி நைன் ஹைட்ராவில் 690 புள்ளிகள், 0.52 டிகிரி. ஓனிக்ஸ் ஹப்பில் பல்லே கிடையாது. சாய்ந்து இறுகும் உலோகத் துண்டுகள் கொண்ட ஸ்ப்ராக் கிளட்ச் என்பதால் உடனே பிடிக்கும், சத்தமும் வராது. எடை மட்டும் கொஞ்சம் கூடும்.

ஆனால் ஹப்பில் உள்ள கோணத்தைக் கால் அப்படியே உணர்வதில்லை. பின் பல்லை முன் பல்லால் வகுத்துப் பெருக்க வேண்டும். முன்னால் 32, பின்னால் 50 என்ற கியரில் 18 பல் ராட்செட்டின் 20 டிகிரி, கிராங்கில் 31 டிகிரி ஆகிறது. 170 மிமீ கிராங்கின் முனையில் பெடல் 93 மிமீ சும்மா நகரும். 36 பல்லில் 46 மிமீ, 54 பல்லில் 31 மிமீ, ஹைட்ராவில் 2.4 மிமீ. எல்லாமே மோசமான நிலைக்கான அளவுகள். சராசரியாகப் பார்த்தால் இதில் பாதிதான்.

93 மிமீ என்பது காலுக்குக் கட்டாயம் தெரியும். பாறைகள் நிறைந்த ஏற்றத்தில் பெடல் கல்லில் மோதாமல் இருக்க, முழுச் சுற்றுச் சுற்றாமல் கால்பங்கு முன்னே, கால்பங்கு பின்னே என்று அசைத்து அசைத்து ஏறுவார்கள். அந்த இடத்தில் ஒவ்வொரு அசைவிலும் பாதி வீணாகிவிட்டால் வண்டி நின்றுவிடும். 18 பல்லை 36 ஆக்கினால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். 36ஐ 54 ஆக்கினால் தெரியும், ஆனால் முன்போல் இருக்காது. அதற்கு மேல் போகப்போக 1 டிகிரிக்குக் கொடுக்கும் விலை ஏறுகிறது, காலுக்குக் கிடைப்பது குறைகிறது. ஏற்றப் பாதையில் சமநிலைப் பயிற்சி செய்பவர்களுக்கு வேண்டுமானால் 3 டிகிரிக்குக் கீழே போவதில் அர்த்தம் இருக்கிறது. மற்றவர்களுக்கு 10 டிகிரியே போதும் என்பது என் உறுதியான கருத்து.

இறக்கத்தில் கணக்கு தலைகீழ். முழு சஸ்பென்ஷன் பைக்கில் பின்பக்கம் அமுங்கும்போது பல வடிவமைப்புகளில் பின் ஆக்சில் கிராங்கிலிருந்து சற்று விலகிப் போகும். மேல் செயின் இழுபட்டு, கிராங்கைப் பின்னோக்கி இழுக்கும். இதுதான் பெடல் கிக்பேக். ஹப்பில் வெற்றுக் கோணம் அதிகம் இருந்தால் அந்த இழுப்பில் ஒரு பகுதியை அது விழுங்கிவிடும். கோணமே இல்லாத ஹப்பில் முழுவதும் பாதத்துக்கு வரும். சக்கரம் வேகமாக உருளும்போது கேசட்டால் ஹப்பை எட்டிப் பிடிக்க முடியாது என்பதால் கிக்பேக் பெரும்பாலும் தெரிவதில்லை. பின் பிரேக்கை அழுத்திச் சக்கரம் பூட்டிய நிலையில் வேர்கள் மேலோ படிகள் மேலோ இறங்கும்போதுதான் உதைக்கும். டவுன்ஹில் ஓட்டுபவர்கள் வேண்டுமென்றே குறைந்த பல் ராட்செட்டைப் போட்டுக்கொள்வதற்குக் காரணம் இது.

புள்ளி கூடினால் எதை இழக்கிறோம்

புள்ளிகளைக் கூட்ட இரண்டு வழிகள் உண்டு. பல்லைச் சின்னதாக்கி நிறைய வெட்டலாம். அல்லது நாக்குகளை ஒரே நேரத்தில் விழாமல் முறை வைத்து விழச் செய்யலாம். ஹைட்ரா இரண்டையும் செய்கிறது. வளையத்தில் 115 பல், ஆறு நாக்குகள், ஒவ்வொன்றும் பல்லின் ஆறில் ஒரு பங்கு தள்ளி நிற்கும். 115 பெருக்கல் 6, அப்படித்தான் 690 வருகிறது. அதாவது முதலில் பிடிப்பது ஒரே ஒரு நாக்கு. சுமை ஏறும்போது ஆக்சிலும் வளையமும் மயிரிழை அளவு வளைந்து கொடுக்க, மற்றவையும் வந்து தாங்கும். உலோகத்தின் தரமும் வெட்டின் துல்லியமும் மிக உயர்ந்ததாக இருந்தால்தான் இது நீடிக்கும். இதையே மலிவாகச் செய்த ஹப்பை, எண்ணை மட்டும் பார்த்து வாங்கினால் பல்லின் விளிம்பு சீக்கிரமே மழுங்கும்.

பல் சின்னதானால் அழுக்கைப் பொறுக்கும் சக்தியும் குறையும். உயரமான பல்லில் அடியில் கொஞ்சம் கிரீஸ் கட்டியிருந்தாலும் நாக்கு முக்கால்வாசி ஆழம் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். தாழ்வான பல்லில் அதே கிரீஸ் இருந்தால் நாக்கின் நுனி மட்டும்தான் விளிம்பில் நிற்கும். எழுந்து மிதித்ததும் 'டக்' என்று வழுக்கும். அப்படி வழுக்கும் ஒவ்வொரு முறையும் விளிம்பில் ஒரு துணுக்கு தெறிக்கும். அந்தத் துணுக்கு உள்ளேயே சுற்றி மற்ற பற்களையும் தின்னும்.

ராட்செட் வகை வேறு மாதிரி வேலை செய்கிறது. பல் வெட்டிய இரண்டு வட்டுகள் எதிரெதிரே நின்று, ஸ்பிரிங் தள்ள ஒன்றோடொன்று கடிக்கும். 36 பல் இருந்தால் 36ம் ஒரே நேரத்தில் சுமையை ஏற்கும். இந்த வகை ஹப் பல வருடம் உழைப்பதற்கு இதுவே முதல் காரணம். இரண்டாவது, திறப்பது எளிது. டிடி ஸ்விஸ் 350இல் கேசட்டைப் பிடித்து மேலே இழுத்தால் மூடியோடு ஃப்ரீஹப் (கேசட் ஏறும் உருளை) கையோடு வந்துவிடும். பழைய வடிவில் உள்ளே இரண்டு ராட்செட், இரண்டு ஸ்பிரிங். ராட்செட் எக்ஸ்பி வடிவில் நகரும் ராட்செட் ஒன்று, ஸ்பிரிங் ஒன்று. ஸ்பானர் இல்லாமல் ஐந்து நிமிடத்தில் துடைத்து மூடிவிடலாம் என்பதால் மக்கள் உண்மையிலேயே துடைக்கிறார்கள். திறக்கத் தனிக் கருவி கேட்கும் ஹப் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் வருடக்கணக்கில் யாரும் தொடாமல் உள்ளேயே காய்ந்து போகும்.

ராட்செட்டிலும் பல் கூடக்கூட உயரம் குறையும் என்பதை மறக்கக் கூடாது. எடை அதிகம் உள்ளவர்களுக்கும் மின்மோட்டார் பைக்குக்கும் 24 அல்லது 36தான் சரி. பல மோட்டார்கள் 85 நியூட்டன் மீட்டர் வரை கிராங்கில் சேர்க்கும், சில அதற்கும் மேல்; முதலில் போட்ட 133உடன் அதைக் கூட்டிப் பாருங்கள். டிடி ஸ்விஸ் தன் ஹைப்ரிட் ஹப்புகளில் 24 பல் ராட்செட்டை வைப்பது இதனால்தான்.

பேரிங்: யாரும் கேட்காத அளவு

விளம்பரத்தில் புள்ளி எண்ணிக்கை கொட்டை எழுத்தில் இருக்கும், பேரிங் எண் எங்கோ கடைசிப் பக்கத்தில் இருக்கும். நான் முதலில் தேடுவது அந்தக் கடைசிப் பக்கத்தை. 6802 என்றால் உள் விட்டம் 15, வெளி விட்டம் 24, அகலம் 5 மிமீ. 6902 என்றால் 15, 28, 7. இரண்டுமே 15 மிமீ ஆக்சிலில் ஏறும். ஆனால் 6902க்குள் இருக்கும் குண்டுகள் பெரியவை. சுமை தாங்கும் திறன் ஏறக்குறைய இரண்டு மடங்கு. 17 மிமீ ஆக்சிலுக்கு 6803 (17, 26, 5), 6903 (17, 30, 7) என்று அதே கதை. எடையைச் சில கிராம் குறைக்க 68 வரிசையைப் போட்ட ஹப்பில் செயின் பக்கத்துப் பேரிங்தான் முதலில் போகும்.

ஏன் செயின் பக்கம்? கார்ட்ரிட்ஜ் பேரிங் (முழுசாகக் கழற்றி மாற்றும் மூடிய பேரிங்) போட்ட பெரும்பாலான ஹப்புகளில் ஃப்ரீஹப்புக்கென்று தனிப் பேரிங்குகள் உண்டு. அவை ஃப்ரீஹப்புக்கும் ஆக்சிலுக்கும் நடுவில் இருக்கும். ஃப்ரீஹப் சும்மா உருளும்போதுதான் அந்தப் பேரிங் சுற்றுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அசையாமல் நிற்பது ஆக்சில் என்பதை நினைவில் வையுங்கள். மிதிக்காமல் உருளும்போது ஃப்ரீஹப்பும் நிற்கிறது, ஆக்சிலும் நிற்கிறது, ஆகவே அந்தப் பேரிங்குக்கு வேலையே இல்லை. மிதிக்கும்போதுதான் அது சக்கரத்தின் வேகத்தில் சுற்றுகிறது, அதுவும் 2,200 நியூட்டன் வரை செயின் ஒரே திசையில் இழுத்துக்கொண்டிருக்கும்போது. ஏற்றம் அதிகம் ஓட்டுபவர்களின் ஃப்ரீஹப் பேரிங் ஒரு பக்கமாகத் தேய்வது இப்படித்தான்.

ஷிமானோவின் கப்-கோன் ஹப்புகளில் குண்டுகள் ஒரு கிண்ணத்துக்கும் (கப்) கூம்புக்கும் (கோன்) நடுவில் உருளும். அவற்றில் பலவற்றில் ஒவ்வொரு பக்கமும் கால் அங்குலக் குண்டுகள் ஒன்பது வீதம், மொத்தம் 18. பக்கவாட்டுச் சுமையை இந்த அமைப்பு நன்றாகத் தாங்கும். ஹப்புக்கு ஏற்ற கோன் ஸ்பானர்கள் (பலவற்றுக்கு 15, 17 மிமீ) இருந்தால் வீட்டிலேயே ஆட்டத்தைச் சரிசெய்யலாம். குண்டும் கோனும் மலிவு, மாற்றலாம். ஹப்புக்குள் பதித்திருக்கும் கப்பை மட்டும் சாதாரணமாக மாற்ற முடியாது. கிரீஸ் கருத்துத் தண்ணீர் கலந்த பிறகும் ஓட்டிக்கொண்டே இருந்தால் கப்பில் குழி விழும், ஹப் அத்தோடு முடிந்தது.

ஃப்ரீஹப்பின் உலோகத்தையும் பாருங்கள். ஷிமானோவின் எச்ஜி (HG) வகை அலுமினிய ஃப்ரீஹப்பில் தனித்தனிப் பல்சக்கரங்களைப் போட்டால், ஒவ்வொன்றின் மெல்லிய விளிம்பும் அலுமினிய வரியை வெட்டி உள்ளே புதையும். கேசட்டைக் கழற்ற முயலும்போது சுத்தியல் தேவைப்பட்டால் அதுதான் காரணம். ஸ்டீல் ஃப்ரீஹப் போடலாம், அல்லது பெரிய பல்சக்கரங்கள் ஒரே தாங்கியில் இணைந்த கேசட்டைப் போடலாம். கேசட்டைப் பூட்டும் லாக்ரிங்கை 40 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குவதும் உதவும். தளர்ந்த கேசட் இன்னும் வேகமாக வெட்டும். ஸ்ராமின் எக்ஸ்டி (XD), ஷிமானோவின் மைக்ரோ ஸ்ப்ளைன் ஃப்ரீஹப் வகைகளில் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

எது கெட்டிருக்கிறது என்று கண்டுபிடிப்பது

டயரின் மேல்பகுதியைப் பிடித்து இடவலமாக ஆட்டுங்கள். ரிம் ஆடினால் ஹப் பேரிங்கோ கோனோ ஆக்சில் இறுக்கமோ. ரிம் அசையாமல் கேசட் மட்டும் ஆடினால் ஃப்ரீஹப் பேரிங். நாக்கு வகை ஹப்புகள் சிலவற்றில் கேசட் மிக லேசாக ஆடுவது இயல்பு. பெரிய பல்சக்கரத்தின் விளிம்பில் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் அளவு ஆடினால் இயல்பில்லை.

பைக்கைத் தூக்கி நிறுத்தி, மிதித்துவிட்டுக் காலை எடுங்கள். மேல் செயின் தொய்ந்து சட்டத்தில் தட்டினால் ஃப்ரீஹப் இழுக்கிறது என்று அர்த்தம். தடித்த கிரீஸ், வறண்ட சீல், துருப்பிடித்த பேரிங், பேரிங்குகளுக்கு நடுவில் இருக்க வேண்டிய ஸ்பேசர் குழாய் காணாமல் போனது, இவற்றில் ஒன்று.

இன்னொரு அடையாளம் பலருக்குத் தெரியாது. வீலைக் கையில் பிடித்துச் சுழற்றினால் வழுவழுவென்று ஓடுகிறது. பைக்கில் பூட்டி த்ரூ ஆக்சிலை (ஹப்பின் ஊடே போகும் ஆக்சிலை) இறுக்கியதும் சுற்றக் கஷ்டப்படுகிறது. இது பேரிங் பழசானதால் வருவதில்லை. யாரோ பேரிங்கைச் சரியாக உட்கார வைக்காமல் விட்டிருக்கிறார்கள், அல்லது அந்த ஸ்பேசரை மறந்துவிட்டார்கள். ஆக்சிலை இறுக்கும்போது உள்வளையங்கள் மட்டும் ஒன்றையொன்று நோக்கித் தள்ளப்பட்டுக் குண்டுகள் பக்கவாட்டில் நசுங்குகின்றன.

திறந்து துடைத்து மூடுவது

விளிம்புள்ள ஒரு தட்டின் மேல் வெள்ளைத் துணி விரித்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங் தெறித்தால் தேட வசதி. செயின் பக்கத்து மூடியை இழுத்தோ ஆலன் கீ போட்டோ கழற்றிவிட்டு ஃப்ரீஹப்பை மெதுவாக வெளியே இழுங்கள். முதல் வேலை எண்ணுவது: எத்தனை நாக்கு, எத்தனை ஸ்பிரிங், எது எந்தத் திசையில். கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்தால் மூடும்போது குழப்பம் வராது.

பழைய கிரீஸைத் துணியால் வழித்த பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த தூரிகையால் பல் வளையத்தைத் தேயுங்கள். மண்ணெண்ணெய் போட்டால் நன்றாக உலர்த்த வேண்டும்; மிச்சம் இருந்தால் புதுக் கிரீஸை அது கரைத்துவிடும். எதுவானாலும் பேரிங் சீலுக்குள் தெளிக்காதீர்கள். இப்போது ஒரு பூதக்கண்ணாடியோடு நாக்கின் நுனியைப் பாருங்கள். விளிம்போரம் பளபளப்பான மெல்லிய கோடு மட்டும் இருந்தால் ஆரோக்கியம். விளிம்பு உருண்டிருந்தாலோ துணுக்கு பெயர்ந்திருந்தாலோ எல்லா நாக்குகளையும் எல்லா ஸ்பிரிங்குகளையும் சேர்த்தே மாற்றுங்கள். புதிது ஒன்றும் பழசு இரண்டுமாகப் போட்டால் சுமை சமமாகப் பிரியாது.

கிரீஸ் விஷயத்தில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். பேரிங்குக்குப் போடும் கெட்டியான கிரீஸ், பொதுவாக என்எல்ஜிஐ 2 தரம் (கிரீஸின் கெட்டித்தன்மையைச் சொல்லும் எண்), நாக்குகளுக்கு ஆகாது. குளிரில் அது மெழுகு மாதிரி இறுகி நாக்கை மடக்கியே வைத்துவிடும். ஃப்ரீஹப்புக்கென்று விற்கும் மெல்லிய கிரீஸோ எண்ணெயோ போதும். நாக்கு உட்காரும் குழியில் ஒரு துளி, பல் வளையத்தில் விரலால் தடவிய ஒரு படலம். பல்லின் வடிவம் கிரீஸுக்கு அடியில் தெளிவாகத் தெரிய வேண்டும். சத்தம் குறைய வேண்டும் என்று அள்ளி அப்புவது பல்லை உடைப்பதற்கான நேர்வழி. ராட்செட் வகைக்கு அந்த நிறுவனம் தரும் கிரீஸையே போடுங்கள், அதையும் கொஞ்சமாக.

நாக்குகள் விரிந்து நிற்பதால் ஃப்ரீஹப்பைத் திரும்ப உள்ளே விடுவது சிரமம். ஒரு தையல் நூலை நாக்குகளைச் சுற்றி இரண்டு சுற்றுச் சுற்றி இழுத்துப் பிடியுங்கள்; அவை மடங்கிக்கொள்ளும். ஃப்ரீஹப்பை வளையத்தின் வாயில் வைத்து, செயின் பக்கத்திலிருந்து பார்க்கும்போது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் திருப்பிக்கொண்டே அழுத்துங்கள். நாக்குகள் உள்ளே போனதும் நூலை உருவி எடுங்கள். நூலின் துணுக்கு எதுவும் உள்ளே சிக்கவில்லை என்று பார்த்துவிட்டுக் கடைசிவரை தள்ளுங்கள்.

பேரிங் மாற்றுவதானால் ஒன்றை நினைவில் வையுங்கள்: உள்ளிருந்து தட்டி எடுத்த பேரிங்கைத் திரும்பப் போடக் கூடாது, உள்வளையத்தில் அடி வாங்கிக் குண்டுகள் தடம் பதித்திருக்கும். புதியதை வெளிவளையத்தின் மேல் மட்டும் அழுத்தி இறக்குங்கள். ஹப் கூட்டைச் சற்றுச் சூடாக்கினால் சுலபமாக இறங்கும். முதல் பேரிங்கை அடிவரை உட்கார வையுங்கள். ஆக்சிலையோ ஸ்பேசரையோ போட்டுவிட்டு, இரண்டாவது பேரிங்கை அதன் உள்வளையம் ஆக்சிலின் தோளைத் தொடும்வரை மட்டும் இறக்குங்கள். தொட்ட பிறகு ஒரு கால் திருப்பு கூடுதலாக அழுத்தினாலும் குண்டுகள் பக்கவாட்டில் நசுங்கிப் பேரிங் சுற்றக் கஷ்டப்படும். விரலால் ஆக்சிலைச் சுழற்றிப் பார்த்துப் பார்த்து இறக்குவதே பாதுகாப்பு.

எப்போதெல்லாம் திறப்பது? வாரா வாரம் ஓட்டினால் நான்கு மாதத்துக்கு ஒரு முறை. ஹப் மூழ்கும் அளவு ஓடையைக் கடந்திருந்தால் அந்த வாரமே. அழுத்தத் தண்ணீர்க் குழாயை ஹப்பின் பக்கவாட்டில் நேராகப் பிடித்துக் கழுவும் பழக்கம் இருந்தால் எந்தக் கால அட்டவணையும் காப்பாற்றாது. சீலின் உதட்டைத் தாண்டித் தண்ணீர் போய்விடும், திரும்ப வெளியே வர வழியில்லை.

மூடிய பிறகு, ஓட்டுவதற்கு முன், வீலைக் காதருகே வைத்துக் கேசட்டைக் கையால் மெதுவாகப் பின்னோக்கிச் சுற்றுங்கள். நாக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் விழும் ஹப்பில் ஒவ்வொரு சொடுக்கும் ஒரே கனத்தில் கேட்க வேண்டும். முறை வைத்து விழும் ஹப்பில் சொடுக்குகளுக்கு நடுவே இடைவெளி சீராக இருக்க வேண்டும். மெலிந்து கேட்டாலோ, தாளம் தப்பி ஓர் இடம் மௌனமாகக் கடந்தாலோ ஒரு நாக்கு எழவில்லை. மறுபடி திறந்து அந்தக் குழியில் உள்ள கிரீஸைத் துடைத்து எடுங்கள்.